கம்பும் கயிறும் கிடுகும்
(எமது பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் சங்கத்தின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

காட்டிலே கிடைப்பதைக் கொண்டு ஓர் ஒதுங்கிடம் அமைப்பது சாரணர்களின் பயிற்சி என்றே பலர் நினைக்கின்றனர். பாலமுனையில் அது நமது வீட்டுத் தொழிலாக இருந்தது. வேளாண்மைக் காவலுக்கு வயலில் வாடி, யானைக்குப் பயந்து மரத்திலே பரண், கடற்கரையில் மீன்வாடி எல்லாமே கம்பும் கயிறும் ஓலையும்தான். கம்பு வெட்டியவர்கள் வாப்பாமார். கூரைக்குக் கிடுகு பின்னியவர்கள் உம்மாமாரும் மூத்தம்மாமாரும். பாதி வீடு பெண்களின் கையிலேயே உருவானது.

தென்னோலை மட்டையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, தண்ணீரில் ஊறவிட்டு, ஓலைகளை ஒன்றுவிட்டு ஒன்றாக மாற்றிப் பின்னினால் கிடுகு. ஊறிய ஓலை முறியாது வளையும். அவசரத்துக்குப் பச்சோலையே போதும். நீண்ட நாள் தாங்காது, ஓரிரு இரவுகளைக் கடத்தும்.

இடம் தெரிவதே முதல் வேலை. பட்டமரத்தின் கீழும் காய் நிறைந்த தென்னையின் கீழும் வேண்டாம். வறண்ட ஓடையிலும் யானைப் பாதையிலும் வேண்டாம். மாரியில் வாடைக்கும் கோடையில் கச்சானுக்கும் முதுகு காட்டியே வாசல் வைக்க வேண்டும். இரண்டு கவர்க்கம்புகளை ஊன்றி மேலே வளையை வைத்து, இருபுறமும் கைமரங்களைச் சாய்த்து, குறுக்கே வரிச்சுக் கட்ட வேண்டும். சரிவு 45 பாகையாவது இருந்தால்தான் மழைநீர் வழிந்தோடும். கிடுகை அடியிலிருந்து மேலே வேய வேண்டும். மேல்வரிசை கீழ்வரிசையை மூட வேண்டும். தலைகீழாக வேய்ந்தால் எத்தனை கிடுகு போட்டாலும் ஒழுகும்.

கூரையை விடத் தரை முக்கியம். ஈரத்தரை உடற்சூட்டை இழுத்துவிடும். ஆகவே காய்ந்த சருகையோ வைக்கோலையோ தடிப்பாகப் பரப்பியே படுக்க வேண்டும். குடிசையும் ஆளுக்கு அளவாகச் சிறியதாக இருந்தால்தான் சூடு தங்கும்.

இதையெல்லாம் இன்று ஏன் சொல்கிறோம்? 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு அடித்த சூறாவளி கிழக்குக் கரையின் தென்னைகளைப் பெருந்தொகையாகச் சாய்த்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தது. இலங்கையில் அம்பாறை மாவட்டமே மிக அதிகமான உயிர்களை இழந்தது. கல்வீடும் ஓட்டுக்கூரையும் போனபின், கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்ற கட்டுப்பாடும் வந்ததால், பலர் நெடுநாள் கூடாரத்திலும் தகரக் கொட்டிலிலும் வெந்தனர்.

ஒன்றை மறக்க வேண்டாம். புயல் வருமென்று அறிவித்தால் ஓலைக் குடிசையில் இருக்கலாகாது. கட்டுறுதியான கட்டிடத்துக்கே போக வேண்டும். நாம் சொல்லும் அறிவு புயலுக்குப் பின்னான இரவுக்குரியது. உதவி லொறி வருமுன்னே, விழுந்து கிடக்கும் அதே தென்னையின் ஓலையால் பிள்ளைக்கும் வயோதிபருக்கும் நிழல் தரக்கூடிய கை வேண்டும்.

அந்தக் கைகள் நமது ஊரில் இப்போது குறைந்துவிட்டன. தகரமும் ஓடும் வந்தபின் கிடுகு பின்னக் கற்றுக்கொடுப்பார் இல்லை. தெரிந்தவர்கள் மூப்படைந்து வருகின்றனர். அவர்களிடம் இன்று கேட்காவிட்டால் நாளை கேட்பதற்கு எவருமில்லை.

ஆகவே சங்கம் ஒரு வேண்டுகோளை முன்வைக்கின்றது. ஆண்டுக்கொரு நாள் பாடசாலை முற்றத்தில், கிடுகு பின்னத் தெரிந்த ஊர்த் தாய்மாரை அழைத்து உட்காரவைப்போம். ஒவ்வொரு மாணவியும் ஒரு கிடுகாவது பின்னட்டும், ஒரு கைமரமாவது கட்டட்டும். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் சகோதரிகள், தம் மூத்தம்மா சொன்ன முறையை எழுதி அனுப்பட்டும். கட்டடங்களோடு இந்தக் கைப்பழக்கத்தையும் அடுத்த நூற்றாண்டுக்குக் கொடுத்துச் செல்வோம்.