பழைய லேப்டாப்பைப் பிள்ளைக்குக் கொடுப்பதற்கு முன்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் என்னை வாரிசு நியமனம் பற்றிப் பேசச் சொல்லியிருந்தார். அதை அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். "சார், பரணில் ஒரு பழைய லேப்டாப் கிடக்கு, பேரனுக்குக் கொடுக்கலாமா, வேலைக்கு வர்ற அம்மா பொண்ணுக்குக் கொடுக்கலாமா" என்று இந்த மாதத்திலேயே நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். கொடுக்கலாம், கட்டாயம் கொடுங்கள். ஆனால் நான் கொடுத்த மாதிரி கொடுக்காதீர்கள். அதைச் சொல்லத்தான் எழுந்தேன்.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். பிளஸ் டூ படித்த பிள்ளைகளுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்தது. அடுத்த ஆண்டு என் சின்ன மகனுக்கும் ஒன்று வந்தது. அவன் படித்து முடித்து வேலைக்குப் போனதும் அது எனக்கு வந்து சேர்ந்தது. ஓய்வு பெற்றவனுக்கு அது போதும். ஏப்ரல் மாதம் வந்தால் நம் குடியிருப்பில் பல பேருக்கு 15எச் படிவம் நிரப்பிக் கொடுத்து வந்தது நான்தான். பான் அட்டை, ஆதார், பாஸ்புக்கின் முதல் பக்கம் எல்லாம் ஸ்கேன் செய்து அதில்தான் வைத்திருந்தேன். அடுத்த வருடமும் கேட்பார்களே, திரும்பத் திரும்ப வாங்குவானேன் என்று நினைத்தேன்.

சென்ற ஆண்டு நான் புதிது வாங்கினேன். நம் வாட்ச்மேன் மகள் எட்டாம் வகுப்பு. "தாத்தா, டைப் அடிக்கக் கத்துக்கணும்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சரி என்று பழையதை எடுத்தேன். எல்லா ஃபைல்களையும் தேர்ந்தெடுத்து அழித்தேன். ரீசைக்கிள் பின் என்கிற குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். திரையில் ஒன்றும் இல்லை. துணியால் துடைத்துப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து அப்பாவும் பெண்ணும் வாசலில் வந்து நின்றார்கள். லேப்டாப் பையோடு. நடந்தது இதுதான். அந்தப் பெண் பள்ளிக்காக வரைந்த ஒரு படத்தைத் தவறுதலாக அழித்துவிட்டாள். அழுதிருக்கிறாள். அவள் பெரியப்பா மகன் செல்போன் கடையில் வேலை பார்க்கிறான். அழிந்ததை மீட்கும் ஒரு மென்பொருளை இலவசமாக இறக்கி ஓட்டியிருக்கிறான். படம் கிடைத்தது. அதோடு இருநூறுக்கு மேற்பட்ட ஃபைல்களும் வரிசையாக வந்திருக்கின்றன. உங்கள் பான் அட்டை, உங்கள் ஆதார், என் மனைவியின் ஆஸ்பத்திரி ரிப்போர்ட், எல்லாம்.

"தாத்தா, எல்லா வீட்டு ஆதாரும் வருது. நான் ஒண்ணும் திறந்து பார்க்கல, அண்ணன் உடனே மூடிட்டான்" என்றாள் அந்தப் பெண். அவள் அப்பா சொன்னதுதான் எனக்கு உறைத்தது. "சார், நாளைக்கு எந்த வீட்லயாச்சும் பணம் போச்சுன்னா முதல்ல எங்களத்தான சார் கேப்பாங்க. இது எங்க வீட்ல இருக்க வேணாம்" என்றார்.

முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் எழுத்தராக இருந்தவன் நான். ஒரு வாடிக்கையாளர் மிச்சமான காசோலைத் தாள்களைத் திருப்பிக் கொடுத்தால் வெட்டிப் போட்டு, பதிவேட்டில் எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போடுவோம். காலாவதியான பேரேடுகளைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட மாட்டோம். பட்டியல் எடுத்து, அதிகாரி முன்னால்தான் அழிப்போம். அதெல்லாம் தெரிந்த நான், பதினொரு வீட்டுக் காகிதங்களை ஒரு எட்டாம் வகுப்புப் பெண்ணின் மடியில் தூக்கி வைத்துவிட்டேன். அன்று சாயங்காலமே பதினொரு வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். இரண்டு பேர் கோபப்பட்டார்கள். கோபப்பட வேண்டியதுதான். அதற்குப் பிறகு யார் காகிதத்தையும் நான் கணினியில் வைத்துக்கொள்வதில்லை. படிவம் முடிந்ததும் உங்கள் எதிரிலேயே அழித்துவிடுகிறேன்.

அழித்தது எப்படித் திரும்பி வருகிறது? வங்கிப் பேரேட்டை வைத்துச் சொல்கிறேன். பேரேட்டின் முன்பக்கத்தில் பெயர் அட்டவணை இருக்கும், இன்னார் கணக்கு இத்தனையாம் பக்கம் என்று. நாம் டெலிட் கொடுத்தால் கணினி அந்த அட்டவணையில் ஒரு கோடு போடுகிறது, அவ்வளவுதான். உள்ளே பக்கம் அப்படியே இருக்கும். அந்தப் பக்கத்தில் வேறு ஏதாவது எழுதப்படும் வரை, புரட்டிப் பார்க்கிறவனுக்கு எல்லாம் தெரியும். ஃபார்மட் செய்கிறோமே, அதில் குவிக் என்று வேகமாக முடிவதும் இப்படித்தான். அட்டவணையை மட்டும் புதிதாகப் போடும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்கக் கூடாது. சுந்தரர் பழமலைநாதரிடம் 12,000 பொன் வாங்கி, மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்த கதை நமக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆற்றில் போட்டோம், போயிற்று என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். அது வேறு எங்கேயோ ஒரு குளத்தில் பத்திரமாக இருக்கும்.

இது எனக்கு மட்டும் நடந்தது என்று நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் எம்ஐடியில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் என்ற இருவர் கடைகளிலும் இணைய ஏலத்திலும் பழைய ஹார்ட் டிஸ்க்குகள் 158 வாங்கிப் பார்த்தார்கள். 2003இல் முடிவை வெளியிட்டார்கள். வேலை செய்த 129இல் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12தான். மற்றவற்றில் கிரெடிட் கார்டு எண்கள், மருத்துவக் குறிப்புகள், சொந்தக் கடிதங்கள் என்று கிடந்தன. ஒன்று ஏடிஎம் இயந்திரத்திலிருந்து வந்தது போல இருந்ததாம். அதைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. கணினி தெரிந்த ஊரிலேயே இந்த லட்சணம்.

இனி என்ன செய்வது என்பது. முதலில், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் போட்டோ, பையனின் மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவிலோ வெளி டிஸ்க்கிலோ பதிந்து, வேறு கணினியில் திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள். திறந்து பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். துடைத்த பிறகு வருந்திப் பயனில்லை.

அடுத்தது, வெளியே வருவது. கூகுள் கணக்கு, மைக்ரோசாஃப்ட் கணக்கு, மின்னஞ்சல், வாட்ஸ்அப் வெப் எல்லாவற்றிலிருந்தும் அந்தக் கணினியில் வெளியேறுங்கள். வாட்ஸ்அப்பை உங்கள் போனிலேயே 'லிங்க்ட் டிவைசஸ்' என்ற இடத்தில் பார்த்துத் துண்டிக்கலாம். குரோமில் சேமித்த கடவுச்சொற்கள் அப்படியே கிடக்கும், கவனம். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் இரண்டும் கணினியோடு இணைந்திருக்கும்போது, கணினி இடம் காலியாகட்டும் என்று போட்டோக்களை அழித்தால் மேகக் கணக்கிலும் சேர்ந்து அழியும். மூன்றாவது மாடியில் ஒருவருக்கு மகள் திருமணப் படங்கள் இப்படிப் போயின. கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும் என்பதால் தப்பித்தார். ஆகவே முதலில் இணைப்பைத் துண்டியுங்கள், அழிப்பது அப்புறம்.

பிறகுதான் துடைப்பது. விண்டோஸ் 10 இருந்தால் செட்டிங்ஸில் 'அப்டேட் அண்ட் செக்யூரிட்டி', அதில் 'ரெக்கவரி', அதில் 'ரீசெட் திஸ் பிசி'. அங்கே 'ரிமூவ் எவ்ரிதிங்' என்பதைக் கொடுங்கள். உடனே அடுத்த பொத்தானை அழுத்திவிடாமல் 'சேஞ்ச் செட்டிங்ஸ்' என்பதைத் திறந்து இரண்டைப் பாருங்கள். ஒன்று 'க்ளீன் டேட்டா'. இதை இயக்கினால்தான் பக்கங்களின் மேலேயே எழுதி மறைக்கும். மற்றது எல்லா டிரைவ்களையும் என்பது. நம் ஊர்க் கடைகளில் சி, டி, ஈ என்று டிஸ்க்கைப் பிரித்துத்தான் கொடுப்பார்கள். நாம் போட்டோவையும் பத்திரத்தையும் டி டிரைவில்தான் வைத்திருப்போம். சி மட்டும் துடைத்தால் வாசலைக் கூட்டிவிட்டு வீட்டைப் பூட்டாமல் போவதுதான். சில மணி நேரம் ஆகும். சார்ஜரைச் செருகி வைத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள்.

என்னுடையது விண்டோஸ் 7. அதில் இந்த வசதி கிடையாது. லினக்ஸ் பதிந்த ஒரு பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, முழு டிஸ்க்கிலும் பூஜ்யத்தை எழுதினோம். 320 ஜிபி, ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஏழு முறை எழுத வேண்டும் என்று கடையில் ஒருவர் சொன்னார். தேவையில்லை. அமெரிக்க அரசின் தர நிறுவனமான நிஸ்ட், சாதாரணமாகச் சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு முறை மேலே எழுதுவதே போதும் என்கிறது. எஸ்எஸ்டி வேறு ஜாதி. அதற்குத் தயாரிப்பாளரே கொடுக்கும் அழிப்பு வசதியைப் பயன்படுத்த வேண்டும்.

சுந்தரர் கதையில் இன்னொன்று உண்டு. ஆற்றில் போடுவதற்கு முன் அவர் மச்சம் வெட்டி வைத்துக்கொண்டார், பொன்னின் மாற்றைப் பிறகு ஒப்பிட. திருவாரூரில் உரைத்துப் பார்த்த பிள்ளையார்தான் மாற்றுரைத்த பிள்ளையார். நாமும் உரைத்துப் பார்க்கலாம். துடைத்து முடித்ததும் அதே மீட்பு மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். அந்தச் செல்போன் கடைப் பையனையே கூப்பிட்டு வைத்து ஓட்டினேன். ஒன்றும் வரவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

கணினியே இயங்கவில்லை என்றால் டிஸ்க்கைக் கழற்றி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மீதியை மின்னணுக் கழிவு வாங்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுங்கள். அதற்கென்று விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கின்றன.

வெளிப்புறச் சுத்தம் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அணைத்து, சார்ஜரை எடுத்துவிட்டு, விசிறித் துளையில் தூசி போகச் செய்யுங்கள். பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் அக்கறை எடுக்க வேண்டும், அந்த மாவு எங்கும் நுழையும். முக்கியமானது பேட்டரி. அடிப்பக்கம் உப்பியிருந்தாலோ, மேசையில் வைத்தால் ஆடினாலோ, அதைப் பிள்ளையிடம் கொடுக்கவே கூடாது. உப்பிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். அமுக்கிப் பார்க்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். கடைக்காரரிடம் கழற்றச் சொல்லுங்கள்.

நம்மைக் காப்பாற்றிக்கொண்டோம். பிள்ளைக்கு என்ன கொடுக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புத் திருத்தங்களை 2020 ஜனவரியில் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. பூட்டு கெட்ட கதவோடு இணையத்தில் விடுவது போல அது. கடையில் திருட்டு விண்டோஸ் போட்டுக் கொடுப்பார்கள், அதுவும் வேண்டாம். பழைய இயந்திரத்துக்கு லினக்ஸ் நல்லது, காசும் கிடையாது. இந்த இலவச மடிக்கணினிகளிலேயே ஆரம்பத்தில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸோடு இருந்தது. நம் பிள்ளைகள் அதைத் திறந்தே பார்க்கவில்லை, அது வேறு விஷயம். கேரளத்தில் பள்ளிக்கூடங்கள் லினக்ஸில்தான் கணினி சொல்லிக்கொடுக்கின்றன. நான் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ வகையைப் போட்டேன். 2 ஜிபி நினைவகத்தில் ஓடும், 4 இருந்தால் நிம்மதி. எனக்கு அறுபது தாண்டியாயிற்று, நானே போட்டேன் என்றால் உங்களால் முடியும்.

பிள்ளைக்கு அவள் பெயரிலேயே ஒரு பயனர் கணக்கு வையுங்கள். நிர்வாகக் கடவுச்சொல் பெற்றோரிடம் இருக்கட்டும். வரைய டக்ஸ் பெயின்ட், தட்டச்சுக்கு ஒரு பயிற்சி மென்பொருள், தமிழ் 99 விசைப்பலகை, இவ்வளவு போதும். தமிழ் 99ஐ இப்போதே பழகிய பிள்ளை பிறகு தங்கிலீஷில் அடிக்காது. உங்கள் பழைய விளையாட்டுகளையும், பார்த்த பக்கங்களையும், மாமாவின் வாட்ஸ்அப் வீடியோக்களையும் அதில் விட்டுவைக்காதீர்கள். அந்தப் பெண் என் மனைவியின் ரிப்போர்ட்டைப் பார்க்கவில்லை என்று சொன்னாள். நான் நம்புகிறேன். ஆனால் நாங்கள் எங்கள் பேத்திக்கே அப்போது சொல்லாத விஷயம் அது.

எல்லாம் முடிந்து லேப்டாப்பைத் திரும்பக் கொண்டுபோனபோது வாட்ச்மேன் வாங்கிக்கொள்ளத் தயங்கினார். "சார், இதுல ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுங்க" என்றார். எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியிட்டு, சங்கச் செயலாளரையும் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்தேன். வங்கியில் செய்கிற மாதிரியே. சென்ற மாதம் தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்யும் நாள் பற்றி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தாள் அந்தப் பெண் அடித்ததுதான். இரண்டு எழுத்துப்பிழை இருந்தது, ஒன்று நான் எழுதிக் கொடுத்ததில் இருந்தே வந்தது.

வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை சங்க அறையில் இருப்பேன். யாரிடம் பழைய லேப்டாப் இருந்தாலும் கொண்டு வாருங்கள், உங்கள் கண் முன்னாலேயே துடைத்துத் தருகிறேன். வேண்டிய போட்டோக்களை முன்பே எடுத்துக்கொண்டு வாருங்கள். சார்ஜரை மறந்துவிடாதீர்கள்.