வாரமும் கூடையும் வெறும் வேகமா?

  

நம் கருத்தரங்கின் பொருள் கொங்கு நாட்டிசையில் தாளமும் காலமும். சௌக்கம், மத்திமம், துரிதம் என்பவற்றை இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை. பம்பை, உறுமி, கூத்து பற்றிப் பிற்பகலில் கட்டுரைகள் வரும். நான் நேரம் கேட்பது ஒரே ஒரு பகுதிக்காக: சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதைக்கு அடியார்க்கு நல்லார் எழுதிய உரை.

சேலத்தில் நின்று இதைப் பேச நமக்கு உரிமையுண்டு. பொப்பண்ண காங்கேயன் ஆதரவில் கொங்கில் எழுந்த உரை அது. 1880-இல் கும்பகோணத்தில் உ.வே.சா.வைச் சீவக சிந்தாமணியின் பக்கம் திருப்பியவர் சேலம் இராமசாமி முதலியார். அந்த வழியில்தான் 1892-இல் சிலம்பும் உரையோடு அச்சேறியது. 

இயக்கம் நான்கு என்கிறது உரை: முதல்நடை, வாரம், கூடை, திரள். இவற்றை நான்கு காலங்களாக வரிசைப்படுத்தி, ஒன்றுக்கு ஒன்று இரட்டிப்பு என்று அட்டவணை போடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அதை நிலைநாட்டியவர்கள் என் மதிப்புக்குரிய மூத்தோர்; அவர்கள் உழைப்பில்தான் நாம் நிற்கிறோம். ஆனாலும் உரை அப்படிச் சொல்லவில்லை.

முதல்நடை மிகத் தாழ்ந்த செலவு, திரள் மிக முடுகிய நடை. இவை இரண்டும் வேகத்தைப் பற்றிய பேச்சு, ஐயமில்லை. இடையிலுள்ள இரண்டுக்கு வந்ததும் உரையாசிரியர் மொழியே மாறுகிறது. வாரத்துக்குச் சொல்லொழுக்கமும் இசையொழுக்கமும். கூடைக்குச் சொற்செறிவும் இசைச்செறிவும். நான்கும் ஒரே ஏணியின் படிகள் என்றால் ஒழுக்கம், செறிவு என்ற சொற்களுக்கு அங்கே என்ன வேலை? இரட்டிப்புக் கணக்கு எந்த வரியில் இருக்கிறது?

மூலத்தையும் பாருங்கள். கூடைக்குரிய கையை வாரத்திலும், வாரத்துக்குரிய கையைக் கூடையிலும் விலக்கத் தெரிந்தவன் ஆடலாசிரியன். அங்கே வரும் கூடையும் வாரமும் கையைக் குறிப்பவை, இயக்கத்தை அல்ல என்று நண்பர்கள் மறுப்பார்கள். ஒரே காதையில், ஒரே அரங்கில் வரும் இரட்டைச் சொற்களைத் தொடர்பில்லாதவை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

செறிவு வேகமல்ல என்பதை இன்றைய வழக்கிலும் காணலாம். இன்றைய கச்சேரியில் வர்ணத்தை இரண்டாம் காலத்தில் பாடும்போது தாளம் போடும் கை விரைவதில்லை. அதே அட்சரத்துக்குள் ஸ்வரம் இரட்டிக்கிறது. காலப்பிரமாணம் வேறு, காலம் வேறு. செறிவு இந்த இரண்டிலும் அடங்காத மூன்றாவது. கொங்கின் அண்ணன்மார் கதைப் பாட்டில் தங்கை தங்காள் புலம்பும்போது ஒரு சொல்லே நீண்டு கிடக்கிறது. போர் வந்ததும், உடுக்கையின் அடி அதே அளவில் நிற்க, சொற்கள் நெருங்கி விழுவதை நான் கேட்டிருக்கிறேன். பாடுபவரிடம் காலக்கணக்கு கேட்டால் கிடைக்காது. நெருக்கமும் விரிவும் அவர் குரலில் இருக்கின்றன.

சிலம்பின் கானல்வரிக்கு அடியார்க்கு நல்லார் உரை கிடைக்காதது நமக்குப் பேரிழப்பு. பாட்டு நிறைந்த காதைக்கே விளக்கம் இல்லை. ஆனால் அவர் மேற்கோளாகக் கொண்ட பஞ்சமரபு என்ற இசைநூல், தெய்வசிகாமணிக் கவுண்டரின் உழைப்பால் 1973-இல் அச்சேறிவிட்டது. அதன் தாளப்பகுதியை இசைத்துறையினர் இன்னும் போதிய அளவு படிக்கவில்லை என்பது என் மனக்குறை.

பிற்பகலில் கட்டுரை படிப்போரிடம் ஒரு வேண்டுகோள். களத்தில் பதிவுசெய்த பாட்டுக்கு வெறுமனே 'துரிதம்' என்று குறித்து விடாதீர்கள். அடிக்கு அடி உள்ள இடைவெளியைத் தனியாக, ஓர் ஆவர்த்தனத்தில் விழும் சொற்களைத் தனியாகக் குறியுங்கள். என் வாதம் தவறென்றால் அந்தக் கணக்கைக் கொண்டே மறுக்கலாம்; முதல் அமர்வைத் தொடங்குவோம்.