பிரசங்க மேடைக்கு முன் பந்தி

(இறையியல் படிக்கச் செல்லவிருக்கும் இளைஞர்களிடையே நெல்லிக்குப்பத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அது தெரிந்தும் என்னைப் பேச அழைத்திருக்கிறீர்கள். ஜெபிப்பது எப்படி, பிரசங்கம் செய்வது எப்படி என்பதை உங்கள் ஆசிரியர்கள் சொல்லித் தருவார்கள். கல்லூரியில் தேர்வு வைக்காத ஒரு பாடம் இருக்கிறது. அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

என் பாட்டி ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் கோயிலுக்குப் போனவர். அவர் இறந்தபோது பெட்டியைக் கல்லறைத் தோட்டத்தின் முன்வாசல் வழியாகக் கொண்டுபோக விடவில்லை. சேரிக்காரர்களுக்குப் பின்பக்கம்தான் வழி, பின்பக்கம்தான் குழி. எந்த ஊர், எந்தச் சபை என்பதெல்லாம் இப்போது வேண்டாம். அந்தப் போதகர் நல்ல மனிதர். எனக்குப் பள்ளியில் இடம் வாங்கித் தந்தவரே அவர்தான். நான் அழுதுகொண்டே கேட்டபோது, "அது ஊர் வழக்கம் தம்பி, சபை அதில் தலையிட முடியாது" என்றார்.

இந்தப் பதிலுக்கு வயது நூற்றைம்பதைத் தாண்டிவிட்டது. அதன் வரலாறு நம் ஊருக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது.

தரங்கம்பாடியில் 1706இல் தொடங்கிய லுத்தரன் சபைகளில் சாதிவாரியாக உட்காரும் வழக்கம் தொடர்ந்து இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பணியை ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் ஏற்றது. அதன் இயக்குநர் கார்ல் கிரௌல் திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்து 1856இல் வெளியிட்ட தமிழறிஞர். அவருடைய நிலைப்பாடு இது: சாதி சமூக வழக்கம். அதைச் சபை வலிந்து உடைக்கக் கூடாது. நற்செய்தி மெல்ல மெல்ல அதைக் கரைத்துவிடும்.

மற்ற பல மிஷன்களைச் சேர்ந்தவர்கள் 1850இல் சென்னையில் கூடி வேறொரு முடிவுக்கு வந்தார்கள். பறையர் சமைத்த உணவை உண்ண மறுக்கிறவர் சாதியை விட்டவர் ஆகமாட்டார் என்றார்கள். அதாவது, நம்பிக்கைக்கு வாய்ச்சொல் போதாது, பந்தியில் காட்ட வேண்டும் என்றார்கள்.

லைப்சிக் மிஷனுக்குள்ளும் ஒருவர் இதைக் கேட்டார். அவர் பெயர் கார்ல் ஓக்ஸ். சாதியைச் சபைக்குள் பொறுத்துக்கொள்ள முடியாது என்று சண்டை போட்டு மிஷனை விட்டே வெளியேறினார். 1860களின் தொடக்கத்தில் அவர் வந்து பணி தொடங்கிய இடம் இங்கிருந்து பண்ருட்டி போகும் சாலையில் இருக்கும் மேல்பட்டாம்பாக்கம்! பிறகு டேனிஷ் மிஷன் அவரோடு சேர்ந்தது. இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தொடக்கம் அதுதான். நீங்கள் பேருந்தில் கடந்துபோகிற ஊரில், சாதிக்காக வேலையை உதறிய ஒரு போதகரின் வரலாறு இருக்கிறது.

அப்படியானால் சாதி கரைந்துவிட்டதா? 2008 மார்ச்சில் உளுந்தூர்பேட்டை பக்கம் எறையூரில் என்ன நடந்தது? தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்கெனத் தனிப் பங்கு கேட்டார்கள். தனிக் கல்லறை, தனிச் சவ வண்டி என்று வைத்திருந்தால் வேறென்ன கேட்பார்கள்? வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். ஒரே மாதாவை வணங்குகிற இரண்டு தெருக்களுக்கு நடுவே இது நடந்தது. கிரௌல் சொன்ன 'மெல்ல மெல்ல' என்பதற்கு ஒன்றரை நூற்றாண்டு போதவில்லை.

ஆகவே நான்கு விஷயங்களைச் சொல்கிறேன்.

ஒன்று. ஒரு சபைக்கு மாற்றலாகிப் போனால், முதல் வேளைச் சோற்றைச் சேரியில் சாப்பிடுங்கள். ஒருநாள் சாப்பிட்டுப் படம் எடுத்துக்கொண்டால் அது வெறும் சடங்கு. வாராவாரம் சாப்பிடுங்கள். அவர்களை உங்கள் வீட்டுக்கும் கூப்பிடுங்கள். நீங்களே சேரியிலிருந்து வந்தவர் என்றால், மேலத்தெரு உங்களுக்குச் சோறு போடுகிறதா என்று பாருங்கள். போடாவிட்டால் அதைச் சபைக் கமிட்டியில் பேசுங்கள்.

இரண்டு. முதல் வாரமே கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிப் பாருங்கள். யார் எங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள்? சுவர் இருக்கிறதா? திருச்சி மேலப்புதூரில் கல்லறைக்குள்ளேயே சாதிச் சுவர் எழுப்பியிருந்ததை மறக்காதீர்கள். சாவு விழுந்த வீட்டில் நின்றுகொண்டு நியாயம் பேச முடியாது. முன்கூட்டியே பேசி வழியைத் திறந்து வையுங்கள்.

மூன்று. சாதி மாறிக் காதலித்த இருவர் உங்களிடம் வந்தால் ஓலை வாசியுங்கள். "பெற்றோர் சம்மதம் வாங்கி வாருங்கள்" என்று திருப்பி அனுப்பினால் அவர்களை எங்கே அனுப்புகிறீர்கள் என்று யோசியுங்கள். சில நேரம் அது கொலைக்களம்.

நான்கு. சட்டம் படியுங்கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர். 1956இல் சீக்கியரையும், 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். தலித் கிறித்தவர்கள் இன்றும் வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அவர்களுக்கு இல்லை. அதனால்தான் ஒருவர் சான்றிதழில் ஒரு பெயரும் கோயிலில் ஒரு பெயருமாக வாழ்கிறார். அவரை இரட்டை வேடக்காரர் என்று மேடையில் திட்டாதீர்கள். அவருக்காகத் தெருவில் இறங்குங்கள். ஆனால் ஒன்று. அரசிடம் நீதி கேட்கும் சபை, தன் கல்லறையில் பின்வாசல் வைத்திருந்தால் அந்தக் குரலுக்கு யார் செவிகொடுப்பார்கள்?

இப்படி நடந்தால் இழப்பு வரும். காணிக்கை குறையும், மாற்றல் வரும், உங்கள் சொந்தச் சாதிக்காரர்களே முகம் திருப்புவார்கள். தீண்டத்தகாதவள் என்று ஒதுக்கப்பட்ட சமாரியப் பெண்ணிடம் கிணற்றடியில் தண்ணீர் கேட்டவரைத்தான் நீங்கள் பின்பற்றப் போகிறீர்கள். இதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

என் பாட்டியின் போதகர் அன்று முன்வாசலில் நின்று, "பெட்டி இந்த வழியாகத்தான் போகும்" என்று சொல்லியிருந்தால் நான் இன்று விசுவாசியாக இருந்திருப்பேனா, தெரியாது. ஆனால் என் பாட்டி முன்வாசல் வழியாகப் போயிருப்பார். அங்கே நிற்கிற போதகர்களாக வாருங்கள். நம்பிக்கை இல்லாத எங்களைப் போன்றவர்களும் உங்கள் பக்கத்தில் வந்து நிற்போம்.