வழிப்பயணமும் எரிவாயுவும்



வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்குப் பயணம் புதிதன்று. ஆண்டுக்கு ஒருமுறையேனும் சொந்த ஊர் சென்று குலதெய்வத்தை வணங்கி வருகிறோம். இங்கே புனேயில் ராஸ்தா பேட்டை, கட்கி முதலிய இடங்களில் வாழும் நம்மவர், சில குடும்பங்கள் ஒன்றுகூடிப் பேருந்தை வாடகைக்கு அமர்த்தி, அஷ்டவிநாயகத் தலங்களுக்கும் பண்டரிபுரத்துக்கும் போய்வருவதும் உண்டு. புறப்படுமுன் எழும் முதற்கேள்வி, வழியில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்பதே. வெளிச்சாப்பாடு முதியவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது; குழந்தைகளுக்குப் பால் காய்ச்ச வேண்டும். ஆகவே ஓர் அடுப்பும் எரிவாயு உருளையும் மூட்டைகளோடு மூட்டையாக வண்டியேறி விடுகின்றன.

2019-ஆம் ஆண்டில் நாமும் அவ்வாறே பண்டரிபுரம் புறப்பட்டோம். நிமிர்த்தி வைத்த உருளை ஆடுகிறதென்று, அதைப் படுக்கவைத்துக் கடைசி இருக்கையின் அடியில் தள்ளினோம். பூட்டிய ரெகுலேட்டரைக் கழற்றவும் இல்லை. திவே கணவாயில் வண்டி ஏறும்போது, பின்னால் இருந்த சிறுமி ஒருத்தி, “அம்மா, முட்டைக்கோசு அழுகின மாதிரி நாறுதே” என்றாள். பெரியவர்கள் யாரும் பொருட்படுத்தவில்லை. முன்வரிசையில் விட்டலன் படத்துக்கு ஊதுவத்தி ஏற்ற ஒருவர் தீப்பெட்டியைக் கையில் எடுத்துவிட்டார். நல்லவேளையாக, அந்த நாற்றம் ஓட்டுநர் மூக்கையும் எட்டியது. அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, தீப்பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, எல்லாரையும் இறக்கிவிட்டார். மூட்டைகள் உரசி உரசி ரெகுலேட்டரின் திருகு திறந்துகொண்டிருந்தது. ஒரு நிமிடம் தாழ்ந்திருந்தால் இப்பேச்சை நிகழ்த்த நாம் இருந்திருப்போமா என்பது ஐயமே.

வெட்கத்தோடு ஒன்று சொல்ல வேண்டும். மத்திய அரசாங்கத்தின் அறிவிப்புகளைத் தமிழாக்குவதே நமது தொழில். ‘எளிதில் தீப்பற்றும் பொருள்களைக் கொண்டு செல்லாதீர்’ என்ற வாக்கியத்தை எத்தனை முறை எழுதியிருப்போம்! எழுதிய கையே உருளையையும் தூக்கி வண்டியில் வைத்தது.

நமக்குக் கிட்டிய நல்லூழ் எல்லாருக்கும் கிட்டவில்லை. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் லக்னோவிலிருந்து ஒரு தனிச் சுற்றுலா ரயில் பெட்டியில் யாத்திரிகர் சிலர் தென்னாட்டுத் தலங்களைத் தரிசிக்கப் புறப்பட்டனர். நாகர்கோவிலில் விரைவு வண்டியோடு இணைக்கப்பட்ட அப்பெட்டி, ஆகஸ்டு 26-ஆம் நாள் விடியுமுன் மதுரையை அடைந்தது. அங்கே அதைக் கழற்றி, நிலையத்தருகே தனியாக நிறுத்தியிருந்தனர். மீனாட்சியம்மனைத் தரிசிக்கக் காத்திருந்த அதிகாலையில் பெட்டிக்குள் தீ மூண்டது; ஒன்பது பேர் மாண்டனர். விதிக்கு மாறாக உள்ளே எடுத்துச் செல்லப்பட்ட எரிவாயு உருளையே விபத்துக்குக் காரணம் என்று தெற்கு ரயில்வே அறிவித்தது. தேநீர் தயாரிக்க அடுப்பை மூட்டியபோது இது நேர்ந்ததாகச் செய்திகள் கூறின. அவர்களும் நம்மைப் போன்றவர்களே. அயலூரில் வீட்டுச் சுவையை நாடியதன்றி அவர்கள் வேறு தவறு செய்தார்களில்லை.

இத்தகைய செயலுக்கு 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடந்தருகிறது. எனினும் தண்டனைக்கு அஞ்சி நடப்பதினும், காரணம் அறிந்து நடப்பதே மேல்.

சமையல் எரிவாயு, புரோபேன், பியூட்டேன் என்னும் இரு வாயுக்களின் கலவை. அழுத்தத்தால் திரவமாக்கி அதை உருளையில் அடைக்கிறார்கள். ஒரு லிட்டர் திரவம் வெளிப்பட்டால் சுமார் இருநூற்றைம்பது லிட்டர் வாயுவாக விரியும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே அது தீப்பற்றத் தக்கதாகிவிடும். இயல்பில் மணமற்ற அதற்கு மெர்க்காப்டன் என்ற பொருளைச் சேர்த்து நாற்றம் ஊட்டுகிறார்கள். அந்நாற்றம் நமக்கு விடுக்கப்படும் எச்சரிக்கை. இவ்வாயு காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவு ஜன்னல்களைத் திறந்து ஓரளவு வெளியேற்றலாம். வண்டியிலோ அது கிணற்று நீர்போல் தரையிலேயே தேங்கி நிற்கும். உருளையைப் படுக்கவைத்தால் வாயுவுக்குப் பதிலாகத் திரவமே வால்வை அடைகிறது. அது கசிந்தால் அபாயம் பன்மடங்காகும்.

இக்காலத்தில் வீட்டையே சக்கரத்தின்மேல் ஏற்றினாற்போன்ற காரவான் வண்டிகளும் வந்துள்ளன. அவற்றுள் சிலவற்றில் எரிவாயுவால் இயங்கும் குளிர்ப்பெட்டி இருக்கும். தீச்சுடரால் பொருளைக் குளிர வைப்பது விந்தையாகத் தோன்றலாம். 1922-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு மாணவர்களான வான் பிளாட்டன், முந்தர்ஸ் என்னும் இருவர் கண்ட வழி இது. சிறு சுடர் அம்மோனியாக் கரைசலைச் சூடாக்குகிறது. பிரிந்த அம்மோனியா குளிர்ந்து திரவமாகி, மீண்டும் ஆவியாகும்போது பெட்டியினுள்ளிருக்கும் வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. நல்ல கருவிதான், ஆயினும் அணையாத சுடர் ஒன்று நம்முடனேயே பயணம் செய்கிறது என்பதை மறத்தலாகாது. ஓடும் வண்டியில் காற்று அச்சுடரை அணைக்கக்கூடும். பெட்ரோல் நிலையத்தில் அதுவே எமனாகலாம். புகைபோக்கி அடைபட்டால், மணமும் நிறமும் அற்ற கார்பன் மோனாக்சைடு உறங்குவோர் உயிரைக் கவர்ந்துவிடும். ஆகவே வண்டி புறப்படுமுன் சுடரை அணைத்து, உருளையின் வால்வையும் மூடிவிட வேண்டும். வழியில் மின்கலத்தால் குளிர்ப்பெட்டியை இயக்கலாம். பனிக்கட்டி நிரப்பிய பெட்டியும் போதும்.

காரவானில் உருளையை நிமிர்த்தி, அசையாதபடி கட்டி, வண்டிக்குள் திறப்பில்லாததும் அடிப்புறத்தில் காற்றுப் போக்கி உள்ளதுமான தனியறையில் வைத்தல் வேண்டும். உருளையின் கழுத்துத் தகட்டில் ஏ, பி, சி, டி என்னும் எழுத்துகளுள் ஒன்றும் ஆண்டும் பொறித்திருக்கும். எழுத்து ஆண்டின் காற்பகுதியைக் குறிக்கும். பி-28 என்றால் 2028 ஜூனுக்குள் அவ்வுருளையைச் சோதிக்க வேண்டும் என்பது பொருள். கசிவைச் சோப்பு நீரால் சோதியுங்கள். தீக்குச்சியால் ஒருபோதும் சோதிக்காதீர்கள். நாற்றம் தெரிந்தால் விளக்கின் விசையைத் தொடாது, எல்லாரையும் வெளியேற்றித் தொலைவில் நின்று 1906 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவியுங்கள்.

ரயிலிலும் வாடகைப் பேருந்திலும் செல்வோருக்கு நாம் சொல்வது ஒன்றே: உருளையை வீட்டில் விட்டுச் செல்லுங்கள். எரிவாயுவைக் காணாத நம் முன்னோர் வாரக்கணக்கில் வண்டிகட்டிப் போனார்கள். புளியோதரையும், மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும், கட்டித் தயிர்சாதமும் அவர்களுக்குத் துணைசென்றன. அந்தக் கட்டுச்சோற்றுக் கலை நம் பெண்டிரும் ஆடவரும் இன்னும் மறந்துவிடாத கலை.

சென்ற ஆண்டு நாம் மீண்டும் பண்டரிபுரம் போனோம். காப்பி குடுவையில் வந்தது. சற்று ஆறியும் இருந்தது. எவரும் குறை சொல்லவில்லை. முன்பு நாற்றத்தை அறிந்து சொன்ன சிறுமி, இப்போது வளர்ந்த பெண். ஏறியதும் இருக்கைகளின் அடியைக் குனிந்து பார்த்த பிறகே அமர்ந்தாள். அவளைப் போல் குனிந்து பார்க்க நாமெல்லாரும் பழகிக்கொண்டால், புறப்பட்டவர் அனைவரும் வீடு திரும்புவர்.