கோப்பில் இருப்பதுதான் காகிதத்தில் வரும்

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆண்டு மலர் தயாரிப்பு குறித்து ஆற்றப்பட்ட உரை)



ஆண்டு மலரை இம்முறை நாமே கணினியில் வடிவமைத்து அச்சகத்துக்குக் கொடுக்கப் போகிறோம். டிடிபி செலவு மிச்சம். ஆனால் முன்பு டிடிபி செய்பவர் பார்த்துக்கொண்ட பல விஷயங்களை இனி நாம்தான் பார்க்க வேண்டும். அச்சகத்தார் பிழை திருத்துபவர்கள் அல்லர். நாம் கொடுக்கும் கோப்பில் என்ன இருக்கிறதோ, அதுதான் காகிதத்தில் வரும்.

முதலில் பக்கக் கணக்கு. நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தில் ஒரு தாளை மடித்தால் 4 பக்கம். ஆகவே மொத்தப் பக்கங்கள் 4-ஆல் வகுபட வேண்டும். 46 பக்கம் என்று கொடுத்தால் 2 பக்கம் வெறுமையாக நிற்கும். பக்கங்களை 1, 2, 3 என்று வரிசையாக, தனித்தனிப் பக்கமாகவே கொடுங்கள். எந்தப் பக்கத்துக்கு எதிரில் எது என்று அடுக்குவது அச்சகத்தின் வேலை.

அடுத்தது ஓரம். ஏ4 அளவு 210 × 297 மி.மீ. அட்டையின் நிறம் விளிம்புவரை வரவேண்டுமானால், நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக வைத்து 216 × 303 ஆகக் கொடுக்க வேண்டும். கத்தி இம்மி நகர்ந்தாலும் வெள்ளைக் கோடு தெரியாமல் இருக்கத்தான் இது. அதேபோல எழுத்துகளை வெட்டும் கோட்டிலிருந்து குறைந்தது 5 மி.மீ. உள்ளே வையுங்கள்.

படங்களுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 5 அங்குல அகலத்தில் போடும் படம் 1500 புள்ளி அகலம் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். குழந்தைகளின் ஓவியங்களை 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். அல்லது ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

நிறத்தில் ஒரு விஷயம் முக்கியம். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சகம் நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளால் காட்டுகிறது. திரையில் பளீரென்று இருக்கும் பச்சையும் நீலமும் காகிதத்தில் சற்று மங்கித்தான் வரும். கட்டுரை எழுத்துகளை நூறு சதவீதக் கறுப்பு மையில் மட்டும் அமையுங்கள். நான்கு மையும் கலந்த கறுப்பாக இருந்தால், ஒரு பிளேட் துளி விலகினாலும் எழுத்தைச் சுற்றி நிழல் விழும். நம் எழுத்தின் சுழியும் புள்ளியும் அடைபட்டுப் போகும். பிளேட் போட்டபின் ஒரு பிழை தெரிந்தாலும், கறுப்பு பிளேட்டை மட்டும் மாற்றினால் போதும். இல்லையென்றால் நான்கையும் மாற்றிக் காசு கொடுக்க வேண்டும்.

தமிழ் எழுத்துருதான் பெரிய தலைவலி. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கட்டுரை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். பேஜ்மேக்கருக்கோ யூனிகோடு தெரியாது. ஆகவே எல்லாரும் யூனிகோடில் தட்டிக் கொடுங்கள். இன்டிசைனில் 'வேர்ல்டு-ரெடி கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் கொம்பும் காலும் உரிய இடத்தில் நிற்கும். கடைசியில் பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ வகையில் சேமியுங்கள். எழுத்துரு உள்ளேயே பதிந்துவிடும். நிறமும் அச்சு மைக் கணக்குக்கு மாறிவிடும்.

இத்தனை சரியாக இருந்தாலும் ஒன்றை மட்டும் எந்த மென்பொருளும் பார்த்துச் சொல்லாது. அது மலரின் கடைசியில் வரும் தொலைபேசிக் கையேடு. நம் குடியிருப்பில் தனியாக இருக்கும் பெரியவர்கள் பலர் செல்போனில் தேடுவதில்லை. அந்தப் பக்கத்தைத்தான் போன் அருகே ஒட்டி வைத்திருக்கிறார்கள். நள்ளிரவில் நெஞ்சு வலி என்றால் பக்கத்து வீட்டு எண்ணை அதில்தான் பார்ப்பார்கள். ஓர் இலக்கம் மாறினால் அடுத்த மலர் வரும்வரை, ஒரு வருடம், எல்லா வீட்டிலும் அந்தத் தவறு ஒட்டியிருக்கும். எக்செல்லில் எண்ணாகத் தட்டினால் 044-இன் முதல் சுழி காணாமல் போகும். அந்தக் கட்டங்களை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட்டுத் தட்டுங்கள்.

மெய்ப்பைத் திரையில் பார்த்து முடித்துவிடாதீர்கள். அசல் அளவில் காகிதத்தில் எடுங்கள். ஒருவர் சங்கப் பதிவேட்டிலிருந்து எண்ணை உரக்கப் படிக்க, இன்னொருவர் மெய்ப்பில் விரல் வைத்துப் பார்க்கட்டும். தட்டச்சு செய்தவரே சரிபார்க்க வேண்டாம். அவர் கண்ணுக்குத் தான் தட்ட நினைத்ததுதான் தெரியும். நாம் ஒப்புதல் கையெழுத்துப் போட்ட பிறகு வரும் பிழை நம் கணக்கில்தான் சேரும்.

உங்களிடம் ஒரே வேண்டுகோள். கையேட்டின் மெய்ப்பை ஒவ்வொரு பிளாக்கின் கீழ்த்தளத்திலும் ஒட்டுவோம். லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரம் போதும். உங்கள் வீட்டு வரியைப் பாருங்கள், பக்கத்தில் கையெழுத்திடுங்கள். கீழே இறங்கி வர முடியாத பெரியவர் உங்கள் தளத்தில் இருந்தால், அவர் வரியை அவரிடம் கேட்டு நீங்களே சரிபாருங்கள். எல்லா வரியிலும் கையெழுத்து விழுந்த பிறகே கோப்பு அச்சகத்துக்குப் போகும்.