வழுவியவரை நிலைநிறுத்தும் மருத்துவம்



நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் ஸ்திதிகரணமும் ஒன்று. நெறியினின்று வழுவியவரை மீண்டும் அந்நெறியில் நிலைநிறுத்துவதே அது. போதைக்கு ஆட்பட்டு மீள விழைவோர்க்கும் இவ்வறம் உரியது.

ஹெராயின், மார்ஃபின் முதலிய அபின் வகைப் பொருள்களை நெடுநாள் உட்கொண்டவர் திடீரென நிறுத்தினால், மூளையில் அதுவரை அடங்கியிருந்த நார்அட்ரினலின் பொங்கி எழுகிறது. ஹெராயினை விட்ட 8 முதல் 12 மணி நேரத்தில் வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு, எலும்பு வலி, உறக்கமின்மை தொடங்கும். இரண்டு மூன்று நாள்களில் உச்சமடைந்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் தணியும். இதனை மன உறுதியின் குறை எனக் கருதிப் பிள்ளையை அறையில் பூட்டி வைப்போர் உளர். வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் உடல்நீர் வற்றி உயிருக்கே ஊறு நேரலாம் என்பதை அவர்கள் அறியார்.

இத்துன்பத்தைத் தணிக்க வழிகள் உண்டு. இரத்த அழுத்தத்திற்கு வழங்கிய குளோனிடின் இத்துன்பத்தையும் தணிக்கும் என்பதை 1978-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்டனர். அது நார்அட்ரினலின் எழுச்சியை அடக்கும்; இரத்த அழுத்தத்தையும் தாழ்த்துவதால் கண்காணிப்பு வேண்டும். நாவின் அடியில் வைக்கும் புப்ரநார்ஃபின், அபின் பற்றும் அதே ஏற்பிகளில் பற்றி வேட்கையைத் தணிக்கும். துன்பக்குறிகள் தோன்றிய பின்னரே அதனைத் தொடங்க வேண்டும். முந்தினால் துன்பம் மிகும். மெத்தடோனும் புப்ரநார்ஃபினும் 2005-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இடம்பெற்றன.

ஒரு போதையை விடுத்து மற்றொன்றைக் கொள்வதா எனச் சிலர் வினவுவர். நீண்ட உபவாசத்தின் பின் பாரணை எவ்வாறு நடைபெறுகிறது? மெல்லிய உணவைச் சிறிது சிறிதாக ஏற்றே உடல் பழைய நிலைக்குத் திரும்புகிறது. இங்கும் மருத்துவர் அளவறிந்து கொடுத்து, உடல் பழகப் பழகக் குறைக்கிறார். சிலருக்கு நெடுங்காலம் தொடர்ந்து தருவதே உயிர் காக்கும்.

நஞ்சு நீங்கியதும் நோய் நீங்கியதாகக் கொள்ளலாகாது. பழைய அளவைத் தாங்கும் ஆற்றலை உடல் இழந்துவிட்டமையால், மீண்டும் அதே அளவை உட்கொள்பவர் மூச்சடங்கி இறக்க நேரிடும். ஆதலின் தொடர் சிகிச்சையும் குடும்பத்தின் அரவணைப்பும் இன்றியமையாதவை.

நாணத்தால் மறைத்துக் காலந்தாழ்த்தாது, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ, 14446 என்னும் தேசிய உதவி எண்ணையோ நாடுதல் நன்று. மருந்துக்கு வழிசெய்வது ஔஷத தானம். பழிச்சொல்லுக்கு அஞ்சாமல் அவர் வீடு திரும்ப இடமளிப்பது அபய தானம். இவ்விரண்டையும் ஒவ்வோர் இல்லமும் செய்ய இயலும்.