மாலை மணியும் கைப்பேசியும்



விடியுமுன் உப்பளத்துக்குப் போகிறோம். பிள்ளைகள் அடங்கியிருக்கக் கைப்பேசியைக் கொடுத்துவிடுகிறோம். ‘ஃபேமிலி லிங்க்’ போன்ற செயலியில் நேர வரம்பு வைத்தால், நேரம் முடிந்ததும் பிள்ளையின் கைப்பேசி பூட்டிக்கொள்ளும். ஆனால் நம் வீடுகள் பலவற்றில் எல்லாருக்கும் ஒரே கைப்பேசி. அங்கே யாருக்குப் பூட்டுவது?

மராட்டிய மாநிலம் சாங்லி மாவட்டத்து மோகித்யாஞ்சே வட்கான் கிராமத்தார் 2022-இல் ஒரு வழி கண்டனர். மாலை 7 மணிக்கு ஊர்க் கோயிலில் சைரன் ஒலித்தது, 8.30 வரை தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் ஓய்வு. பிள்ளைகள் படிக்க அமர்ந்தனர். இந்தக் கட்டுப்பாடு பெரியவர்களுக்கும் இருந்தது. அதுவே அதன் பலம்.

நமக்கோ ஆலய மணி இருக்கிறது. இனி, மாலை மணி ஒலித்ததும் முதலில் நம் கைப்பேசியை அலமாரியில் வைப்போம். பிள்ளைகளைக் கண்டிக்க அப்போதுதான் நமக்கு வாயிருக்கும்.